கணினிக்குக் காய்ச்சல்: நாடி பார்ப்பது எப்படி?

காய்ச்சல் என்று மருத்துவரிடம் போகிறீர்கள். அவர் தெர்மாமீட்டரை வைத்துப் பார்க்கிறார்; 102 டிகிரி. அத்துடன் அவர் நின்றுவிடுவதில்லை. எப்போது ஆரம்பித்தது, விட்டு விட்டு வருகிறதா, குளிர் நடுக்கம் உண்டா, தொண்டை வலிக்கிறதா என்று கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். ஏன்? காய்ச்சல் ஒரு நோயன்று, நோயின் அடையாளம். எந்த நோய் என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் பணமும் வீண், உடம்புக்கும் கேடு.

மேசைக் கணினிக்கும் காய்ச்சல் வருவதுண்டு. வீடியோத் தொகுப்போ, பெரிய விளையாட்டு ஒன்றோ நடந்துகொண்டிருக்கும். திடீரென்று கணினி மந்தமாகும். விசிறிகள் இரையும். சில வேளைகளில் பட்டென்று அணைந்தே போகும். உடனே யாராவது ஒருவர், “பிராசசர் போய்விட்டது, புதிது வாங்க வேண்டியதுதான்” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். ஆனால் பெரும்பாலும் பிராசசர் நன்றாகவே இருக்கும். சூடு ஓர் எல்லையைத் தொட்டதும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. அப்படியும் சூடு ஏறினால் கணினியை அணைத்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. 2022-இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ9-13900கே என்ற பிராசசருக்கு இந்த எல்லை 100 டிகிரி சென்டிகிரேடு. அதே ஆண்டில் வந்த ஏ.எம்.டி. ரைசன் 9 7950எக்ஸ் பிராசசருக்கு 95 டிகிரி. (இனி இக்கட்டுரையில் வரும் டிகிரிகள் எல்லாம் சென்டிகிரேடே.)

அப்படியானால் நோய் எங்கே? குளிர்விக்கும் அமைப்பில். அதிலும் திரவத்தால் குளிர்விக்கும் கணினிகளில் நோய் பல இடங்களில் ஒளிந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. உங்கள் பௌதிகப் பாடத்தில் படித்த வெப்பவியலும், இரண்டு கழித்தல் கணக்கும், ஒரு கடிகாரமும், உங்கள் விரல்களும் போதும். எப்படி என்று பார்ப்போம்.

இஸ்திரிப் பெட்டியை மிஞ்சும் சில்லு

முதலில், கணினிக்குத் தண்ணீர் வைத்தியம் எதற்கு?

மேலே சொன்ன இன்டெல் பிராசசர் கடும் வேலை செய்யும்போது 253 வாட் வரை மின்திறனை எடுத்துக்கொள்ளும். அவ்வளவும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. அந்தச் சில்லின் பரப்போ ஏறத்தாழ 2.5 சதுர சென்டிமீட்டர்தான். அதாவது உங்கள் கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய இடத்தில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 100 வாட் வெப்பம்! 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு 150 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 வாட்கூட இல்லை. இஸ்திரிப் பெட்டியைப் போல் 15 மடங்கு நெருக்கமாக வெப்பம் பிறக்கும் இடம் இந்தச் சில்லு.

பெரிய கணினிகளைக் கட்டியவர்கள் இந்தத் தொல்லையை வெகு காலத்துக்கு முன்பே சந்தித்துவிட்டார்கள். 1980-இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 3081 என்ற கணினியில், நூற்றுக்கு மேற்பட்ட சில்லுகளை ஒரே பீங்கான் பலகையில் பதித்தார்கள். ஒவ்வொரு சில்லின் முதுகிலும் ஓர் உலோகத் தண்டு அழுந்துமாறு செய்து, மேலே குளிர்நீர் ஓடும் தகட்டைப் பொருத்தினார்கள். 1985-இல் வந்த கிரே-2 மீக்கணினியில் மின்சுற்றுப் பலகைகளையே ஒரு திரவத்தில் மூழ்க வைத்துவிட்டார்கள். மின்சாரத்தைக் கடத்தாத ஃபுளோரோகார்பன் திரவம் அது. 2004-இல் ஆப்பிள் நிறுவனத்தின் பவர் மேக் ஜி5 கணினிகளில் ஒரு வகை, திரவக் குளிர்விப்புடன் மேசைக்கே வந்துவிட்டது. இன்று லிக்விட் கூலர் என்ற பெயரில் மூடிய பெட்டியாக, நீரை ஊற்ற வேண்டிய வேலையில்லாமல், கடைகளில் அது கிடைக்கிறது.

வெப்பம் கைமாறும் பாதை

லிக்விட் கூலரின் உள்ளே என்ன இருக்கிறது?

சில்லின் மேலே ஓர் உலோக மூடி. அதன்மேல் ஒரு மெல்லிய பசைப் படலம். கடைக்காரர்கள் இதைத் தெர்மல் பேஸ்ட் என்பார்கள். அதன்மேல் ஒரு செப்புத் தகடு. தகட்டின் மறுபக்கத்தில் தலைமயிர் போன்ற மெல்லிய செப்பு இதழ்கள். அவற்றின் இடுக்குகளில் திரவம் ஓடுகிறது. பெரும்பாலான கூலர்களில் இந்தத் தகட்டின் தலைமேலேயே ஒரு சின்னஞ்சிறு பம்ப் அமர்ந்திருக்கும். பம்ப் தள்ளும் திரவம் ஒரு குழாய் வழியே ரேடியேட்டருக்குப் போகிறது. மோட்டார் காரின் முன்னால் இருக்கிறதே, அதே வகைதான். அங்கே விசிறிகள் காற்றை ஊதித் திரவத்தின் சூட்டைப் பறிக்கின்றன. ஆறிய திரவம் இன்னொரு குழாய் வழியே செப்புத் தகட்டுக்குத் திரும்புகிறது.

ஆக, வெப்பம் ஓர் அஞ்சல் ஓட்டம் ஓடுகிறது: சில்லு, மூடி, பசை, செப்புத் தகடு, திரவம், ரேடியேட்டர், காற்று. எந்தக் கை கோலை வாங்கத் தவறினாலும், அதற்கு முந்தைய கையில் வெப்பம் தேங்கிவிடும். முந்தையது கொதிக்கும்; பிந்தையது குளிர்ந்து கிடக்கும். நம் வைத்தியம் முழுவதும் இந்த ஒரு கருத்தில்தான் நிற்கிறது: எங்கே சூடு தேங்கியிருக்கிறதோ, அதற்கு அடுத்த படியில் கோளாறு.

இரண்டு கழித்தல் கணக்கு

கணினியிடமே மூன்று வெப்பநிலைகளைக் கேட்கலாம், அல்லது நாமே அளக்கலாம். ஒன்று, சில்லின் வெப்பநிலை. இதைக் காட்டும் மென்பொருள்கள் பல உண்டு. இரண்டு, திரவத்தின் வெப்பநிலை. சில கூலர்களில் இதற்கென்றே ஓர் உணரி இருக்கும். மூன்று, அறையின் வெப்பநிலை. சுவரில் மாட்டும் தெர்மாமீட்டர் போதும்.

நலமாக உள்ள ஒரு கணினியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 200 வாட் வேலை நடக்கிறது. அறை 30 டிகிரி, திரவம் 42, சில்லு 77. இப்போது கழித்துப் பாருங்கள். சில்லுக்கும் திரவத்துக்கும் வித்தியாசம் 35. திரவத்துக்கும் அறைக்கும் வித்தியாசம் 12. இந்த இரண்டு எண்களும் இக்கணினியின் ஆரோக்கிய எண்கள்.

இனி, இதே கணினி நோயுற்றுச் சில்லு 95 டிகிரியைத் தொடுவதாகக் கொள்வோம். அறை மாறவில்லை, அதே 30 டிகிரி.

முதல் நிலை: திரவம் 42. சில்லுக்கும் திரவத்துக்கும் வித்தியாசம் 53 ஆகிவிட்டது. திரவத்துக்கும் அறைக்கும் வித்தியாசம் அதே 12. வெப்பம் திரவத்துக்கு வந்து சேருவதில்தான் சிரமம். வந்த பிறகு ஒழுங்காக வெளியேறுகிறது. ஆகவே கோளாறு பசையிலோ, தகடு அழுந்தும் விதத்திலோ, தகட்டின் இதழ்களிலோ இருக்கிறது.

இரண்டாம் நிலை: திரவம் 60. சில்லுக்கும் திரவத்துக்கும் வித்தியாசம் 35; மாற்றமில்லை. ஆனால் திரவத்துக்கும் அறைக்கும் வித்தியாசம் 30! வெப்பம் திரவத்துக்கு வந்துவிட்டது; வெளியேற வழியில்லை. கோளாறு ரேடியேட்டரில் அல்லது விசிறியில்.

இன்னொன்றும் கவனியுங்கள். கோடை வந்து அறை 38 டிகிரி ஆனால், நலமான கணினியிலும் திரவம் 50-க்கும், சில்லு 85-க்கும் ஏறிவிடும். இரண்டு வித்தியாசங்களும் மாறவில்லை அல்லவா? அப்படியானால் நோயே இல்லை, வெயில்தான். சில்லின் வெப்பநிலையை மட்டும் பார்த்துப் பயந்தவர் இங்கே வீணாகப் பணம் செலவழித்திருப்பார்.

குழாய்களைத் தொட்டுப் பாருங்கள்

திரவத்துக்கு உணரி இல்லாவிட்டால் என்ன செய்வது? நாடி பார்க்கலாம்.

கூலரிலிருந்து இரண்டு குழாய்கள் புறப்படுகின்றன. ஒன்று சூடான திரவத்தை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது. மற்றது ஆறிய திரவத்தைக் கொண்டுவருகிறது. ‘அப்படியானால் ஒன்று நன்றாகச் சுட வேண்டும், மற்றொன்று சில்லென்று இருக்க வேண்டும்’ என்றுதான் உங்களுக்குத் தோன்றும். அது சரியா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 4200 ஜூல் வெப்பம் வேண்டும். சில்லு 200 வாட் தருகிறது; அதாவது ஒரு நிமிடத்தில் 200 × 60 = 12,000 ஜூல். பம்ப் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் திரவத்தைத் தள்ளுவதாகக் கொண்டால், திரவத்தின் வெப்பநிலை 12,000 ÷ 4200, அதாவது 3 டிகிரிக்கும் குறைவாகவே ஏறும். (கூலரில் இருப்பது சுத்த நீரன்று; கிளைக்கால், துருத்தடுப்புப் பொருள்கள் முதலியன கலந்த நீர். ஆனாலும் விடை பெரிதும் மாறாது.)

ஆகவே நலமான கூலரில் இரு குழாய்களும் விரலுக்கு ஏறக்குறைய ஒரே சூடாகத்தான் இருக்கும்! ஓட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் இந்த வித்தியாசம் 29 டிகிரியாகிவிடும். ஒரு குழாய் சுடும், மற்றது குளிரும். ஓட்டம் அடியோடு நின்றுவிட்டாலோ, பம்ப் சுடும். ரேடியேட்டரும் அதிலிருந்து வரும் காற்றும் அறையைப் போலவே குளிர்ந்திருக்கும். அடுப்பு எரிகிறது, புகைபோக்கி குளிர்ந்து கிடக்கிறது என்றால் நடுவில் ஏதோ அடைத்துக்கொண்டது என்றுதானே பொருள்?

சுருக்கமாகச் சொன்னால், இரு குழாய்களும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் ஓட்டம் சரி. இரண்டும் ஒரே மாதிரி மிகுதியாகச் சுட்டால் ரேடியேட்டர் பக்கம் போங்கள். ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்தால் ஓட்டத்தைச் சந்தேகியுங்கள்.

தொடும்போது கவனம் வேண்டும். வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். சுற்றும் விசிறி இதழ்களுக்கு அருகில் விரலைக் கொண்டுபோகாதீர்கள். குழாயைத் தவிர வேறெதையும் தொட வேண்டாம். மின்சாரம் வழங்கும் பெட்டியை ஒருநாளும் திறக்கக் கூடாது.

கடிகாரம் சொல்லும் சேதி

காய்ச்சல் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதும் ஒரு துப்பு.

சில்லின் எடை ஒரு கிராமுக்கும் குறைவு. அதை ஒரு டிகிரி சூடாக்க ஒரு ஜூல்கூடத் தேவையில்லை. நொடிக்கு 200 ஜூல் வந்து விழும்போது அது கணத்தில் சூடேறுவதில் வியப்பில்லை. ஆனால் கூலரில் கால் லிட்டர் திரவம் இருப்பதாகக் கொண்டால், அதை ஒரு டிகிரி ஏற்ற 1000 ஜூலுக்கு மேல் வேண்டும். அதாவது ஐந்து நொடிக்கு மேல். 30 டிகிரி ஏற இரண்டரை நிமிடம். ரேடியேட்டரின் உலோகமும் கொஞ்சம் வாங்கிக்கொள்வதால் உண்மையில் இன்னும் அதிக நேரம் ஆகும்.

ஆகவே கணினிக்குக் கடும் வேலை ஒன்றைக் கொடுத்து, கடிகாரத்தைப் பாருங்கள். சில நொடிகளுக்குள் சில்லு எல்லையைத் தொட்டுவிட்டால், கோளாறு சில்லுக்கு அருகில்: பசை, தகடு அல்லது ஓட்டம். பத்து, இருபது நிமிடங்கள் மெல்ல மெல்ல ஏறினால், கோளாறு தொலைவில்: ரேடியேட்டர், விசிறி.

இனி வேலையை நிறுத்திவிட்டு, சூடு இறங்குவதைப் பாருங்கள். ஏறும்போது கிடைக்காத துப்பு இறங்கும்போது கிடைக்கும். பசை மட்டும் கெட்டிருந்தால் சூடு நொடியில் விழுந்து பழைய நிலைக்கே வந்துவிடும். ஏனெனில் திரவம் ஆறியே இருக்கிறது. ரேடியேட்டர் அடைத்திருந்தால், சில்லு சட்டென்று கொஞ்சம் விழுந்து, அங்கிருந்து ஆமை வேகத்தில் இறங்கும். அது விழுந்து நிற்கும் இடம்தான் ஏறத்தாழத் திரவத்தின் வெப்பநிலை. பார்த்தீர்களா, உணரி இல்லாமலே திரவத்தின் வெப்பநிலையைத் தெரிந்துகொண்டுவிட்டோம்! பம்ப் நின்றிருந்தால், தகட்டருகே தேங்கிய திரவம் ஆற வழியின்றி, வேலை இல்லாத நேரத்திலும் சூடு ஏறிக்கொண்டே போகும்.

சும்மா இருக்கும் கணினியைப் பார்த்து, “40 டிகிரிதான், நன்றாக இருக்கிறது” என்று சொல்லிவிடக் கூடாது. வித்தியாசம் வாட்டுக்குத் தக்கபடி கூடிக் குறைவது. 200 வாட்டில் 53 டிகிரி வித்தியாசம் காட்டும் கெட்ட பசை, 20 வாட்டில் 5 டிகிரிதான் காட்டும். நல்ல பசை 3.5 டிகிரி காட்டும். இந்த ஒன்றரை டிகிரியில் யாரால் நோயைக் காண முடியும்?

ஏன் கெடுகிறது?

கண்ணாடி போல் மின்னும் இரு உலோகப் பரப்புகளைச் சேர்த்து வைத்தாலும், உருப்பெருக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். பள்ளங்களில் காற்று. செம்பு காற்றைவிடச் சுமார் 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அந்தக் காற்றை வெளியேற்றத்தான் பசை. ஆனால் பசையும் செம்புக்கு வெகுவாகப் பிந்தியதே. அதனால் அப்பளத்துக்கு மாவு போல் தடிப்பாக இடக் கூடாது. (ஐ.பி.எம். 3081-இல் இதே இடைவெளியை ஹீலியத்தால் நிரப்பினார்கள். அது காற்றைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு வெப்பம் கடத்தும் வாயு.) பசை ஆண்டுக்கணக்கில் காய்ந்து போகலாம். புதுக் கூலரில் தகட்டின்மேல் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்துவிட்டு, முதல் நாளே காய்ச்சலில் படுத்த கணினிகளும் உண்டு.

திரவத்துக்கும் வயதாகும். குழாயின் சுவர் வழியே நீர் மூலக்கூறுகள் மிக மிக மெதுவாக வெளியேறுகின்றன. அந்த இடத்தில் காற்றுக் குமிழ் சேரும். காற்று எப்போதும் உச்சிக்கே போகும். பம்ப் அமைப்பின் உச்சியில் இருந்தால் குமிழ் பம்புக்குள் புகுந்துகொள்ளும். கடகடவென்ற ஓசை கேட்கும். அதனால்தான் ரேடியேட்டரின் ஒரு பகுதியாவது பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

தகடு செம்பு, பல கூலர்களில் ரேடியேட்டர் அலுமினியம். இரு வேறு உலோகங்கள் ஒரே திரவத்தில் இருந்தால் என்ன ஆகும்? எளிய மின்கலம் பற்றிப் படித்திருக்கிறீர்களே! அரிப்பு தொடங்கும். துருத்தடுப்புப் பொருள் தீர்ந்துவிட்டால் கசடு உண்டாகி, செப்பு இதழ்களின் இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். இங்கே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. பம்ப் நிமிடத்துக்கு இத்தனை சுற்று சுற்றுகிறது என்று கணினி காட்டும். சுற்றினால் மட்டும் திரவம் ஓடுவதாகப் பொருளல்ல. அடைப்பு இருந்தாலும் பம்ப் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பூஜ்யம் என்று காட்டினால் பம்ப் நின்றுவிட்டது அல்லது இணைப்புக் கழன்றுவிட்டது; எண் காட்டினால் குழாய்களையும் தொட்டுப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

மருந்து

ரேடியேட்டரில் தூசியா? கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, விசிறி இதழ்கள் சுழலாதபடி பிடித்துக்கொண்டு தூசியை ஊதி அகற்றினால் போதும். செலவில்லை. விசிறி நின்றுவிட்டதா? விசிறியை மட்டும் மாற்றலாம். பசை காய்ந்ததா? பழையதைத் துடைத்துப் புதியதை இட்டு, திருகுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சமமாக முடுக்கச் சொல்லுங்கள். பம்ப் நின்றதா, உள்ளே அடைப்பா? மூடிய கூலரைப் பிரிக்க முயல வேண்டாம். கூலரை மாற்றுவதே வழி. உத்தரவாதக் காலம் முடியவில்லையே என்று முதலில் பாருங்கள். குழாய் மூட்டில் ஈரமோ, காய்ந்த கறையோ கண்டால் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். உடனே அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள். திரவம் மதர்போர்டில் சொட்டினால் எல்லாமே பாழாகிவிடும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவான மூன்று எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் உதவியுடன் மூன்றிலும் சம அளவு வெந்நீர் ஊற்றித் தட்டால் மூடுங்கள். ஒன்றைக் காற்றில்லாத மூலையில் வையுங்கள். இரண்டாவதை மின்விசிறிக் காற்றில் வையுங்கள். மூன்றாவதைத் தடித்த துணியால் சுற்றி, அதே காற்றில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். முதலாவது விசிறி நின்ற ரேடியேட்டர். மூன்றாவது தூசி படிந்த ரேடியேட்டர். விசிறி சுற்றினாலும் தூசி என்ன செய்யும் என்பதை உங்கள் வரைபடமே சொல்லும்.

இனி ஒரு புதிர். மேலே சொன்ன அதே கணினி. அறை 36 டிகிரி. சும்மா இருக்கையில் சில்லு 48. வேலை கொடுத்ததும் இரண்டு நொடியில் 79-க்குத் தாவுகிறது. பிறகு மெல்ல ஏறி, இருபது நிமிடத்தில் 97. இரு குழாய்களும் ஒரே மாதிரி சுடுகின்றன. வேலையை நிறுத்தியதும் 65-க்கு விழுந்து, அங்கிருந்து மெதுவாக இறங்குகிறது. கடைக்காரர் புதிய பிராசசர் வாங்கச் சொல்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

விடை: சில்லு விழுந்து நின்ற 65 டிகிரியை ஒட்டியே திரவம் இருக்க வேண்டும். சில்லுக்கும் திரவத்துக்கும் வித்தியாசம் 32 முதல் 35, அது சரி. திரவத்துக்கும் அறைக்கும் வித்தியாசம் 26-க்கு மேல். 12 இருக்க வேண்டிய இடத்தில்! குழாய்கள் ஒரே சூடு, ஓட்டமும் சரி. பிராசசர் வாங்கும் முன் ரேடியேட்டரின் தூசியையும் விசிறிகளையும் பாருங்கள்.